மோக்கா பாட்: எந்த அளவு வாங்குவது, எப்படிப் போடுவது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வாங்கிய பிறகு ஏமாந்துவிட்டதாகத் தோன்றக் கூடாது. "ஸ்டவ்டாப் எஸ்பிரெசோ மேக்கர்" என்று பெட்டியில் அச்சடித்து விற்றாலும் மோக்கா பாட்டில் எஸ்பிரெசோ வராது. காபி ஷாப்பில் இருக்கிற மெஷின் கிட்டத்தட்ட 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் தள்ளுகிறது. அடுப்பில் வைக்கிற இந்தச் சின்னப் பாத்திரத்தில் 1 பார் கிடைக்கும், மிஞ்சிப்போனால் 2. அதனால் எஸ்பிரெசோவின் மேலே படிந்து நிற்கும் அந்தப் பொன்னிற நுரை இதில் நிற்காது. கல்யாண மண்டபத்தில் சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பார்களே, அந்த நுரைக் காபிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இதில் வருவது சூடான, வாசனை தூக்கலான, ஓரளவு கெட்டியான டிகாஷன். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து ஐந்தாறு நிமிடத்தில் கையில் இருக்கும்.

அந்த டிகாஷன் நன்றாக வருவதும் கசந்து போவதும் பிராண்டைப் பொறுத்து இல்லை. என்னைக் கேட்டால் இரண்டே விஷயம்தான்: உங்கள் வீட்டுக்கு ஏற்ற அளவு, அப்புறம் தீ. மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

யாருக்கு இது உதவும்? ஒருவரோ இருவரோ இருக்கிற வீடு, வாடகை அறை, பால் இல்லாமல் கருப்புக் காபி குடிக்கிறவர்கள், சாயங்காலம் நாலு மணிக்குத் திடீரென்று காபி வேண்டும் என்று தோன்றி ஃபில்டரில் டிகாஷன் இறங்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டில், காலையில் வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து வந்து காபி கேட்கிற இடத்தில், ஃபில்டர்தான் சரி. ராத்திரியே போட்டு வைக்கலாம், இரண்டாம் டிகாஷனும் எடுக்கலாம். மோக்கா பாட்டில் ஒரு தடவை போட்ட தூள் அதோடு சரி, மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்கினால் வருவது காபி இல்லை.

எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பிறகு எந்தக் குறிப்பும் தேவைப்படாது. மூன்று பாகம். கீழே தண்ணீர் ஊற்றும் அடிப்பாகம், நடுவில் நீண்ட தண்டோடு ஒரு புனல், அதன் வாயில்தான் தூள் போடும் கூடை, மேலே டிகாஷன் வந்து சேரும் ஜாடி. ஜாடியின் அடியில் ஒரு ரப்பர் வளையமும் அதற்குள் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு வடிதட்டும் இருக்கும். இதைக் குக்கரின் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: அதே கேஸ்கெட், அதே சேஃப்டி வால்வ், உள்ளே அடைபட்ட ஆவி. தண்ணீர் சூடாகும்போது அதற்கு மேலே இருக்கிற காற்றும் ஆவியும் விரிந்து தண்ணீரை அழுத்தும், அது தப்பித்துப் போக இருக்கிற ஒரே வழி புனலின் தண்டு, ஆகவே அதன் வழியாக ஏறி, தூளுக்குள் நுழைந்து, வடிதட்டைத் தாண்டி, நடுக் குழாயின் உச்சியிலிருந்து வழிந்து ஜாடியில் இறங்கும். குக்கருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குக்கர் சத்தம் போட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இது சத்தம் போட்டால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடியில் தண்ணீர் குறைந்து தண்டின் நுனிக்குக் கீழே போனதும் வெறும் ஆவி தூளைக் கிழித்துக்கொண்டு மேலே வரும், அப்போதுதான் அந்தக் கொடகொட ஓசை. காபியின் கசப்பில் பாதி அந்தக் கடைசி அரை நிமிடத்தில் இறங்குவது.

கொஞ்சம் வரலாறு, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். இத்தாலியின் வடக்கே பீட்மான்ட் பகுதியில் ஒமேனா ஊரை ஒட்டிய க்ருசினாலோவில் அல்ஃபோன்சோ பியாலெட்டி என்பவர் அலுமினியப் பட்டறை வைத்திருந்தார். பிரான்சில் அலுமினியத் தொழிலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 1933-இல் இந்த எண்கோணப் பாத்திரம் அந்தப் பட்டறையிலிருந்து வெளிவந்தது. அவர் காலத்தில் அது பக்கத்து ஊர்ச் சந்தைகளைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மகன் ரெனாட்டோதான் விளம்பரம் செய்து செய்து இத்தாலியின் அடுப்படிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாத்திரத்தின் பக்கவாட்டில் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மீசைக்காரர் படமும் அவர் காலத்தில் வந்ததுதான். 2016-இல் ரெனாட்டோ இறந்தபோது அவருடைய அஸ்தியை ஒரு பெரிய மோக்கா பாட்டில் வைத்து அடக்கம் செய்தார்கள். வியாபாரத்தை அவ்வளவு நேசித்த மனிதர்.

அளவு

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பெட்டியில் "3 கப்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மூன்று பேருக்கு மூன்று டம்ளர் காபி வரும் என்று கணக்குப் போடக் கூடாது. அந்தக் கப் இத்தாலிக்காரர்கள் நின்றபடி மூன்று மடக்கில் குடிக்கும் குட்டிக் கோப்பை, ஏறக்குறைய 50 மில்லி. 3 கப் பாட்டில் மொத்தமாக இறங்குவது 130 முதல் 150 மில்லி, அதற்குத் தூள் 15 முதல் 17 கிராம் பிடிக்கும். 6 கப் பாட்டில் 270 முதல் 300 மில்லி, தூள் 30 கிராமுக்குப் பக்கத்தில். 1 கப் பாட் என்று ஒன்று உண்டு, பார்க்க பொம்மை மாதிரி அழகாக இருக்கும், ஆனால் நம் கேஸ் அடுப்பில் அதை நிறுத்தி வைப்பதே சர்க்கஸ்.

சரி, பெரியதாக ஒன்றை வாங்கிவிட்டுத் தேவைக்கு ஏற்பப் பாதி போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். கூடையில் பாதித் தூள் போட்டால் மேலே காலி இடம் கிடக்கும், தண்ணீர் தூளில் சரியாக ஊறாமல் ஒரு ஓரமாக ஓடிவிடும். அடியில் பாதித் தண்ணீர் ஊற்றினால் காற்றுக்கும் ஆவிக்கும் இடம் அதிகமாகி எல்லாக் கணக்கும் மாறிப்போகும். தண்ணீரும் முழுசு, தூளும் முழுசு என்று நினைத்துச் செய்த பாத்திரம் இது. ஆகவே பண்டிகை நாளில் வரப்போகும் விருந்தாளிகளை நினைக்காமல், சாதாரண செவ்வாய்க்கிழமைக் காலையில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் காபி குடிப்பார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

என் கணக்கு இதுதான்: தனி ஆள் அல்லது பால் காபி குடிக்கும் இரண்டு பேர் என்றால் 3 கப். நான்கு பேர் என்றால் 6 கப். அதற்கு மேலே 9 கப், 12 கப் எல்லாம் கிடைக்கும், ஆனால் அவ்வளவு தண்ணீர் சூடாகி ஏறுவதற்குள் தூள் வெந்து வீணாகும். அவ்வளவு பேர் இருந்தால் ஃபில்டருக்குத் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். எதற்கும் முடிவு வராவிட்டால் 3 கப்பையே எடுங்கள், இரண்டாம் முறை போட ஆறு நிமிடம்தானே.

அலுமினியமா, ஸ்டீலா? கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் அலுமினியம் போதும். சீக்கிரம் சூடாகும், சீராகச் சூடாகும், விலையும் குறைவு. இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியம் வேலை செய்யாது, அடியில் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் பாட் வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: 3 கப் பாட்டின் அடி மிகவும் சின்னது, பல இண்டக்‌ஷன் அடுப்புகள் அதைப் பாத்திரமாகவே மதிக்காமல் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். வாங்குவதற்கு முன் அதே அகலத்தில் இருக்கிற ஒரு ஸ்டீல் டம்ளரைத் தண்ணீரோடு வைத்துப் பாருங்கள், ஆனால் அந்த டம்ளரின் அடியிலும் காந்தம் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே தப்பு. டம்ளரை ஏற்காத அடுப்பு பாட்டையும் ஏற்காது. அப்போது நடுவில் ஒரு தட்டையான இரும்புத் தவாவை வைத்து அதன் மேல் பாட்டை வைக்கலாம், நேரம் கூடுதலாகும், கரண்டும் கூடுதலாகும், ஆனால் வேலை நடக்கும். அலுமினியம் உடம்புக்குக் கெடுதல் என்று சிலர் சொல்வார்கள். காபியில் கரைந்து சேரும் அளவு மிகவும் கொஞ்சம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம், மனசு ஒப்பவில்லை என்றால் ஸ்டீலை வாங்கிக்கொள்ளுங்கள், சுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேஸ் அடுப்பிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அடுப்பின் கால்கள் குண்டானுக்கும் குக்கருக்கும் ஏற்ற இடைவெளியில் இருக்கும், 3 கப் பாட் அதற்கு நடுவே சாய்ந்து விழும். குறுக்குக் கம்பி வைத்த சின்ன ஸ்டாண்டு தனியாக விற்கிறார்கள், பாட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சப்பாத்தி சுடுகிற கம்பி வலை வீட்டில் இருந்தால் அதுவும் போதும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் திருகிப் பாருங்கள். மரை சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கூடை அடிப்பாகத்தில் உட்கார்ந்ததும் ஆடக் கூடாது. வடிதட்டு வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சேஃப்டி வால்வ் கட்டாயம் இருக்க வேண்டும், அது இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்புறம், அதே அளவுக்கு மாற்றுக் கேஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பேர் தெரியாத மலிவான பாட்டில் பிரச்சினை வருவது பெரும்பாலும் இங்கேதான், காபி நன்றாகவே வரும், ஒரு வருடம் கழித்து வளையம் தேய்ந்ததும் மாற்ற வழியில்லாமல் பாத்திரத்தையே தூக்கிப் போட வேண்டியதாகும். ஆன்லைனில் வாங்குவதென்றால் பெர்கோலேட்டரை மோக்கா பாட் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். இரண்டும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். பெர்கோலேட்டரில் டிகாஷனே திரும்பத் திரும்பக் கொதித்துத் தூளின் மேல் விழுந்துகொண்டிருக்கும். நடுவில் திருகிப் பிரிக்கிற மாதிரி இருந்தால் மோக்கா பாட், ஒரே உயரமான பாத்திரத்துக்குள் தண்டும் கூடையும் நிற்கிற மாதிரி இருந்தால் அது மற்றது.

தூள்

காபிப் பொடி அரைத்துத் தருகிற கடையில் "மோக்கா பாட்டுக்கு" என்று கேட்டால் சில இடங்களில் புரிந்துகொள்வார்கள், சில இடங்களில் முழிப்பார்கள். ஃபில்டருக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் பெருபெருவென்று வேண்டும் என்று சொல்லுங்கள். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் தூள் உப்பின் பதம் தெரிய வேண்டும். மாவாக வழுக்கினால் அது மெஷினுக்கான பொடி. அதைப் போட்டால் வடிதட்டு அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறாது, ஏறினாலும் டிகாஷனில் வண்டல் மிதக்கும். ரவை மாதிரி உருண்டால் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கானது (தூளை வெந்நீரில் ஊறவைத்து அமுக்கி வடிக்கிற ஜாடி), மோக்கா பாட்டில் அதைப் போட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், சப்பென்று இருக்கும்.

வீட்டில் மிக்ஸியில் அரைக்கலாமா என்றால், அரைக்கலாம், ஆனால் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. சின்ன ஜாரில் கொஞ்சமாகக் கொட்டையைப் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, நடுநடுவே ஜாரைக் குலுக்கிவிட்டால் ஓரளவு சமமாக வரும். அப்படியும் மாவும் துண்டும் கலந்துதான் இருக்கும். இதிலேயே ஊறிப்போனவர்கள் கையால் சுற்றுகிற காபி அரவையை வாங்கிவிடுவார்கள், செலவு செய்ய மனசிருந்தால் பாட்டை மலிவாக வாங்கிவிட்டு அந்தப் பணத்தை அரவையில் போடுவது நல்ல யோசனை.

இனி சிக்கரி. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் காபி பேச முடியாது. சிக்கரி கலந்த பொடியை மோக்கா பாட்டில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு, அது அவ்வளவு பெரிய பாவம் இல்லை. ஆனால் சிக்கரி தண்ணீர் பட்டதும் சட்டென்று கரைந்து கெட்டிப்படும், கூடைக்குள் பிசுபிசுப்பாகி வழியை அடைக்கும். 20 சதவீதம் வரை பிரச்சினை இருக்காது, 30-ஐத் தாண்டினால் டிகாஷன் சொட்டுச் சொட்டாக வந்து நிற்கும், வால்வ் சீறும். பாக்கெட் பொடி வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் சிக்கரி விகிதத்தைக் கட்டாயம் படியுங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம், அதனால் 60:40, 53:47 எல்லாம் தாராளமாகக் கடையில் இருக்கும். அவை ஃபில்டருக்கு. மோக்கா பாட்டுக்குச் சுத்தக் காபிதான் எனக்குப் பிடித்தது: பீபெரியும் (பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை) பிளான்டேஷனும் (கழுவிப் பதப்படுத்திய அரபிகா கொட்டை) பாதிப் பாதி, நடுத்தர வறுவல். பாலில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் கால் பங்கு ரொபஸ்டா (அரபிகாவைவிடக் கசப்பும் கனமும் கூடிய கொட்டை வகை) சேர்த்துக்கொள்ளலாம், சிக்கரி கொடுக்கிற கனம் அதிலேயே கிடைத்துவிடும். இளம் வறுவலாக ஏற்காட்டிலிருந்தோ சிக்மகளூரிலிருந்தோ ஒரே தோட்டத்துக் கொட்டை வாங்கினால் அதைக் கருப்பாகவே குடித்துப் பாருங்கள், பால் ஊற்றினால் அந்தப் புளிப்பும் வாசனையும் அமுங்கிவிடும்.

போடும் முறை

புதுப் பாட் என்றால் முதலில் வெறும் தண்ணீரில் கழுவி, பழைய தூளோ விலை குறைந்த தூளோ போட்டு மூன்று தடவை காபி இறக்கிக் கொட்டிவிடுங்கள். உலோக வாடை அதில் போய்விடும்.

அடிப்பாகத்தில் தண்ணீரை வால்வுக்குக் கீழ் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். வால்வை மூடக் கூடாது, அது திறந்த இடத்தில் இருந்தால்தான் ஆபத்து வேளையில் ஆவியை வெளியே விடும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் காபியும் கெடும், உள்ளே வெள்ளையாக உப்பும் படியும்.

பச்சைத் தண்ணீரா, வெந்நீரா என்பதில் ஆளுக்கொரு கட்சி. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடாகி ஏறும்வரை, நாலைந்து நிமிடம், தூளும் அந்தச் சூட்டில் வறண்டு கிடக்கிறது. வெந்நீர் ஊற்றினால் அடுப்பில் இருக்கிற நேரம் பாதியாகிறது, தூள் கருகுவதில்லை. இளம் வறுவலுக்கும் நடுத்தர வறுவலுக்கும் கொதித்து இறக்கிய நீரை ஊற்றுவது நல்லது. நன்றாகக் கருக்க வறுத்த பொடிக்கும் சிக்கரி கலந்ததற்கும் பச்சைத் தண்ணீரே போதும், அந்தப் பொடியிலிருந்து எல்லாம் சுலபமாக இறங்கிவிடும், அதிகச் சூடு கசப்பைத்தான் கூட்டும். வெந்நீர் ஊற்றினால் அடிப்பாகம் சுடும் என்பதை மறக்காதீர்கள், பிடிதுணியால் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

கூடையில் தூளை விளிம்பு வரை நிரப்பி, பக்கத்தில் லேசாக இரண்டு தட்டு தட்டி, விரலாலோ ஸ்பூனின் பின்பக்கத்தாலோ சமப்படுத்துங்கள். அவ்வளவுதான். ஃபில்டரில் குடைக்கம்பியால் அமுக்குகிற பழக்கத்தில் இதிலும் கை தானாக அமுக்கப் போகும், அமுக்கக் கூடாது. இந்தக் கொஞ்ச அழுத்தத்துக்கு இறுகிய தூளைத் துளைத்துக்கொண்டு போகத் தெரியாது. மலையாகக் குவிக்கவும் வேண்டாம். விளிம்பில் ஒட்டியிருக்கிற தூளை விரலால் வழித்துவிடுங்கள், நாலு துகள் கேஸ்கெட்டுக்கு அடியில் மாட்டினாலே அந்த இடத்தில் ஆவி கசியும். பிறகு மேல்பாகத்தை வைத்து இறுக்கமாகத் திருகுங்கள், ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் திருகாதீர்கள், உடம்பைப் பிடித்துத் திருகுங்கள். கைப்பிடி உடைந்து நிற்கிற பழைய பாட்டுகளில் முக்கால்வாசி இப்படி உடைந்தவைதான்.

அடுப்பில் சின்ன பர்னர், சிம்மை ஒட்டிய தீ. தீ பாட்டின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. வந்தால் கைப்பிடியின் பிளாஸ்டிக் உருகும், தண்ணீரும் வெறிபிடித்த மாதிரி ஏறும். மூடியைத் திறந்தே வையுங்கள், பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. முதலில் குழாயின் உச்சியில் ஒரு கருஞ்சொட்டு எட்டிப் பார்க்கும், பிறகு கெட்டியாக, கருப்புக்குச் சற்று முன்னால் நிற்கிற செம்பழுப்பில், அவசரமில்லாமல் வழியத் தொடங்கும். இந்த இடத்தில் தீயை இன்னும் குறைக்கலாம். குழாயின் பக்கமாகச் சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருந்தால் எல்லாம் சரி. ஆரம்பத்திலேயே பீய்ச்சி அடித்தால் தீ அதிகம். ஜாடியில் பாதிக்கு மேல் ஏறும்போது நிறம் வெளுக்கத் தொடங்கும், தேன் நிறத்துக்கு வரும், குழாயின் வாயில் வெளிறிய நுரைக் குமிழிகள் கூடும், ஒரு செருமல் கேட்கும். அந்தச் செருமலுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். அணைத்தால் மட்டும் போதாது, உலோகத்தில் இருக்கிற சூடே மீதித் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கும். அடுப்பிலிருந்து இறக்கி, நனைத்த துணியின் மேல் அடிப்பாகத்தை வையுங்கள், சொய்யென்று அடங்கிவிடும். பிறகு உடனே ஊற்றிவிடுங்கள். முதலில் வந்தது கெட்டி, பிறகு வந்தது தண்ணி, ஆகவே ஊற்றும் முன் ஸ்பூனால் ஒரு கலக்கு கலக்குங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்குக் கஷாயமும் இன்னொருவருக்குத் தண்ணீரும் போகும்.

அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும், அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். அதையும் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அந்தக் கொடகொடவைக் குடிக்க வேண்டியதுதான்.

பால் காபிக்கு: 3 கப் பாட்டில் இறங்கியதை இரண்டு டம்ளருக்குப் பிரித்தால் ஆளுக்கு அறுபது எழுபது மில்லி வரும், அதற்கு அதே அளவோ ஒன்றரை மடங்கோ பால். ஃபில்டர் டிகாஷனுக்கு ஊற்றுகிற அளவு பாலை ஊற்றினால் வெளுத்துப் போகும், ஏனென்றால் இது அவ்வளவு கெட்டி கிடையாது. தண்ணீர் சேர்க்காத கெட்டிப் பாலாக இருக்கட்டும். ஃபில்டரில் டிகாஷன் ஆறிக் கிடக்கும், பால் கொதிக்கக் கொதிக்க வேண்டும். இதில் டிகாஷனே சூடாக இருப்பதால் பால் பொங்கி வருவதற்கு முன்னால், ஆவி பறக்கும்போதே இறக்கிவிடலாம், ஆடை வாசனை இல்லாமல் காபி வாசனை முன்னால் நிற்கும். நுரை வேண்டும் என்றால் அதற்கென்று பேட்டரி மத்து எதுவும் வாங்காதீர்கள், டபரா டம்ளரில் நாலு ஆற்று ஆற்றினால் அதைவிட நல்ல நுரை வரும். கருப்பாகக் குடிக்கிறவர்கள் அப்படியே குடிக்கலாம், இல்லை அதே அளவு வெந்நீர் ஊற்றி நீட்டிக்கொள்ளலாம்.

கோளாறுகள்

நடுவில், திருகும் இடத்தில் கசிகிறதா? சரியாக இறுக்கவில்லை, அல்லது விளிம்பில் தூள், அல்லது கேஸ்கெட் தேய்ந்துவிட்டது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

ரொம்ப நேரமாகியும் எதுவும் ஏறவில்லை, அதோடு வால்விலிருந்து ஆவி சீறுகிறது என்றால் உள்ளே அடைத்துவிட்டது. உடனே அணைத்துவிட்டு, முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள், அவசரப்பட்டுத் திறக்கவே கூடாது. ஆறிய பிறகு பார்த்தால் பொடி மாவாக இருக்கும் அல்லது யாரோ அமுக்கியிருப்பார்கள். வால்வில் சீறல் இல்லாமல் வெறுமனே ஏறாமல் நின்றால் எங்கோ ஆவி ஒழுகிப் போகிறது, மறுபடி கேஸ்கெட்டைப் பாருங்கள்.

எப்போதும் கசக்கிறது என்றால் தீயைக் குறையுங்கள், சீக்கிரம் இறக்குங்கள், அப்படியும் போகாவிட்டால் பொடியைக் கொஞ்சம் பெருசாக அரைக்கச் சொல்லுங்கள். தண்ணியாக, புளிப்பாக இருந்தால் நேர்மாறு: பொடி இன்னும் நைசாக இருக்கட்டும், பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெந்நீர் ஊற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

கழுவுவதும் பராமரிப்பதும்

ஆறியதும் பிரித்து, சக்கையைத் தட்டிக் கொட்டி, வெந்நீரில் அலசினால் தினசரிக்குப் போதும். சக்கையை சிங்க்கில் கொட்டாதீர்கள், செடித் தொட்டியில் போடுங்கள். சோப்பே கூடாது என்று பாட்டோடு வரும் குறிப்புகளில் இருக்கும், உள்ளே படிகிற காபி எண்ணெயைப் போக்கக் கூடாது, அதுதான் ருசி என்று சொல்கிறவர்களும் உண்டு. பழைய எண்ணெய் சிக்குவாடைதான் அடிக்கும், ருசி ஒன்றும் கொடுக்காது. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு லிக்விட் சோப்பை விட்டு, மெத்தென்ற ஸ்பாஞ்சால் துடைத்து, வாடை போக நன்றாக அலசிவிட்டால் எதுவும் ஆகாது. ஆனால் அலுமினியப் பாட்டுக்குக் கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர், டிஷ்வாஷர் மூன்றும் ஆகாது, மேல்பூச்சு போய்க் கருத்துவிடும். பித்தளையைத் தேய்க்கிற பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள், வீட்டில் வேலைக்கு வருகிற அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அல்லது இதை மட்டும் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு தடவை வடிதட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றி, அவற்றுக்கு நடுவில் சேர்ந்திருக்கிற கசடைத் துடைக்க வேண்டும். ஸ்பூன் காம்பால் வளையத்தின் ஓரத்தை நெம்பினால் வந்துவிடும். உப்புக் கறை படிந்திருந்தால் அடிப்பாகத்தில் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, தூள் போடாமல் ஒரு தடவை ஏற்றி, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை ஏற்றிக் கொட்டிவிடுங்கள். புளிப்பை அலுமினியத்தில் ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. வால்வின் நடுவில் இருக்கிற குட்டிப் பித்தளை ஊசி சில மாடல்களில் ஆடும், அதை விரலால் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள், சிக்கிக்கொண்டிருந்தால் பாட்டை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கேஸ்கெட் விறைத்தாலோ வெடிப்பு விட்டாலோ மாற்றிவிட வேண்டும். வாங்கும்போது பாட்டின் கப் அளவு மட்டும் பார்க்காமல், அலுமினியப் பாட்டுக்கா ஸ்டீல் பாட்டுக்கா என்றும் பாருங்கள், இரண்டுக்கும் வளையத்தின் அகலம் வேறு. சிலிகான் கிடைத்தால் அதை வாங்குங்கள், ரப்பரைவிடக் கூடுதல் நாள் வரும். ஊருக்குப் போகிறீர்கள், பத்து நாள் பாட்டைத் தொடப் போவதில்லை என்றால் மூன்று பாகத்தையும் ஈரம் போகத் துடைத்து, தனித்தனியாகவே வைத்துவிட்டுப் போங்கள், திருகி மூடி வைத்தால் திரும்பி வரும்போது உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும்.